பெயரில் ‘தேசிய’ இருந்தால் அதிகாரம் வந்துவிடுமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையுடன் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சிவில் பொறியியல் படித்தவர். ட்ரோன் மூலம் நிலத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். தொழில் சந்தேகங்களைப் பகிர்ந்துகொள்ள அவரும் நண்பர்களும் தொடங்கிய வாட்ஸ்அப் குழு, இன்று பல மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 600 பேர் கொண்ட வட்டமாக வளர்ந்துவிட்டது. அதை அகில இந்திய அளவிலான தொழில்முறைச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம்.

அந்த விருப்பத்துக்குப் பின்னால் நியாயமான மனக்குமுறல் ஒன்று இருக்கிறது. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (படத்தை நிலத்தோடு சரியாகப் பொருத்த, தரையில் துல்லியமாக அளந்து குறிக்கும் இடம்) ஒன்றுகூட வைக்காமல் ட்ரோனைப் பறக்கவிட்டு, பார்வைக்கு அழகான படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பாதி விலைக்கு டெண்டர் எடுத்துவிடுகிறார்கள். பிறகு எல்லைக்கோடு ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்திருப்பது தெரியவரும்போது ஒட்டுமொத்தத் தொழிலுக்கும் கெட்ட பெயர் வருகிறது என்கிறார். ஆகவே, ‘தேசிய’ என்று தொடங்கி ‘கவுன்சில்’ என்று முடியும் பெயரில் சங்கத்தைப் பதிவு செய்து, உறுப்பினர்களுக்கு உரிமம் வழங்கி, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்து, அதை மீறுபவரை நீக்கி, சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே டெண்டர் தரவேண்டும் என்று அரசுத் துறைகளிடம் கோர வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். இரண்டே இயக்குநர்களுடன் பிரைவேட் கம்பெனியாகத் தொடங்கினால் வேலை விரைவில் முடியும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். மத்திய அரசுப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் செயலாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். தொடக்க உறுப்பினர் கட்டணம் என்று கணிசமான தொகை வசூலாகி, வாசகரின் சொந்த சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வேறொரு மாநிலத்தில் இன்னொரு குழுவும் இதே முயற்சியில் இறங்கியிருப்பதால், அவர்களுக்கு முன்பாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரமும் கடிதத்தில் தெரிகிறது.

இனி, கடிதம் எழுதிய வாசகருக்கு:

உங்கள் நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் ஏறக்குறைய பாதி, சட்டப்படி ஒரு சங்கத்தால் செய்ய முடியாதது. அதில் ஒரு பகுதி செய்தால் தண்டனைக்குரியது. மீதிப் பாதி நீங்கள் நினைத்திருப்பதைவிடப் பயனுள்ளது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்தப் பதிலின் வேலை.

யாருக்காக இந்தச் சங்கம்?

நீங்கள் கேட்காத கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குழுவில் நிறுவன உரிமையாளர்களும் இருக்கிறார்கள், அந்த நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்கு ட்ரோன் ஓட்டுபவர்களும் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளில் தரவைச் செயலாக்குபவர்களும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்களுடைய நலன்கள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உரிமையாளர்கள் கூடினால் அது வணிக அமைப்பு. ஊழியர்கள் ஊதியத்துக்காகக் கூடினால் அது தொழிற்சங்கம், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஒரு துறையின் அறிவையும் தரத்தையும் ஒழுக்கத்தையும் முன்னிட்டுத் தனிநபர்கள் கூடினால்தான் அது தொழில்முறைச் சங்கம். மூன்றையும் ஒரே பைலாவில், அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பில், அடைத்தால், முதல் பொதுக்குழுவில் வராத சண்டை மூன்றாவது பொதுக்குழுவில் வந்தே தீரும்.

உங்கள் கடிதத்தின் தொனியை வைத்துப் பார்த்தால் உங்களுக்குத் தேவை மூன்றாவது வகை. அப்படியானால் வாக்குரிமை தனிநபர்களுக்கு மட்டுமே இருக்கட்டும். நிறுவனங்களை வாக்கில்லாத ஆதரவு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பது பேரை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம், அந்த ஐம்பது பேருக்கும் சந்தா கட்டி உள்ளே அனுப்பித் தேர்தலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதைத் தடுக்க, செயற்குழுவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். “எங்கள் துறைக்கு இதுவரை எந்த அமைப்பும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை அல்ல. இந்தியத் தொலையுணர்வு அறிஞர்களின் சங்கம் 1969-இல் தொடங்கப்பட்டது. நிலவரைவியலுக்கான தேசியச் சங்கம் 1979 முதல் இருக்கிறது. அவை பெரும்பாலும் ஆய்வு சார்ந்தவை, களத்தில் நின்று வேலை செய்பவரின் சிக்கல்களைப் பேசுவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அது நியாயமான வாதமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை முதலில் அவர்களிடம் சொல்லிப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி. ஏற்கனவே உள்ள சங்கத்துக்குள் ஒரு தனிப் பிரிவாக இயங்க இடம் கிடைத்தால், கணக்குத் தணிக்கையும் ஆண்டறிக்கையும் அவர்கள் பாடு; தர நிர்ணய வேலை உங்கள் பாடு. கிடைக்காவிட்டால், தனிச் சங்கம் ஏன் தேவை என்பதற்கான காரணம் உங்கள் கையில் எழுத்தாக இருக்கும்.

சங்கத்துக்கு உள்ள அதிகாரமும் இல்லாத அதிகாரமும்

சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(இ) பிரிவு குடிமக்களுக்குத் தந்த அடிப்படை உரிமை. எனினும் சங்கம் அமைக்கும் உரிமை என்பது, அந்தச் சங்கம் தன் நோக்கங்களையெல்லாம் நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை ஆகாது என்று அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே தெளிவாக்கிவிட்டது. அதாவது, உங்கள் 600 பேரை நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிகளால் கட்டலாம். வெளியே இருக்கும் 601-ஆவது ஆளை எதனாலும் கட்ட முடியாது.

வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருக்கிறதே, தணிக்கையாளர்களுக்குத் தனி நிறுவனம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அவை சங்கப் பதிவால் அதிகாரம் பெற்றவை அல்ல. முதலாவது 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தாலும், இரண்டாவது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தாலும் நாடாளுமன்றம் உருவாக்கியவை. கட்டிடக்கலைஞர்களின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவர்களுடைய தன்னார்வச் சங்கத்தின் தொடக்கம் 1917. கட்டிடக்கலைஞர்கள் சட்டம் வந்தது 1972. இடையில் 55 ஆண்டுகள். அந்தச் சட்டம் வந்த பிறகும்கூட, அது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பதிவு பெறாதவர் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, அந்த வேலையைச் செய்வதையே தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறியாளர்களை எடுத்துக்கொண்டால், 1920-இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய அமைப்பு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இன்றுவரை எல்லாப் பொறியாளர்களையும் பதிவு செய்யும் மத்தியச் சட்டம் ஒன்று இந்தியாவில் இல்லை. உங்களை மனம் தளரவைக்க இதைச் சொல்லவில்லை. சட்டபூர்வக் கவுன்சில் என்பதை முதல் பொதுக்குழுவின் தீர்மானமாக எழுதிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே ‘உரிமம்’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ட்ரோனை இயக்கும் தகுதிக்கான சான்றிதழ் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்கள் வழியாகக் கிடைப்பது. உங்கள் சங்கத்தின் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வணிக நோக்கில் பறக்கவிட்டுப் பிடிபட்டால், ‘இதுவும் உரிமம்தான் என்று சொன்னார்கள்’ என்று அவர் கை நீட்டப்போவது உங்களை நோக்கித்தான்.

உரிமம் முடியாது, தரச் சான்று முடியும். தேர்வு வைத்து, செய்த வேலையின் மாதிரிகளைச் சரிபார்த்து, இவர் இன்ன நிலைத் தேர்ச்சி பெற்றவர் என்று சங்கம் சான்றளிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அந்தச் சான்றுக்கு 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் இரண்டு வழிகளில் பாதுகாப்பும் தருகிறது: உறுப்பினர்கள் பயன்படுத்தும் கூட்டுச் சின்னமாகப் பதிவு செய்யலாம், அல்லது தரத்துக்கான சான்றுச் சின்னமாகப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சின்னத்தை வெளியாள் திருட்டுத்தனமாகத் தன் டெண்டர் ஆவணத்தில் ஒட்டினால் வழக்குப் போட முடியும். நிபந்தனை ஒன்று உண்டு. எந்தச் சேவைக்குச் சான்று தருகிறாரோ அதே சேவையை வணிகமாகச் செய்பவர் பெயரில் சான்றுச் சின்னத்தைப் பதிவு செய்ய முடியாது. ஆகவே “சங்கத்தின் செலவுக்காகச் சங்கமே சில சர்வே வேலைகளை எடுத்துச் செய்யலாம்” என்று நீங்கள் எழுதியிருக்கும் யோசனையைக் கைவிடுங்கள். உறுப்பினர்களோடு சங்கமே போட்டி போடுவது அழகும் அல்ல.

ஒரு ஆறுதலான செய்தி: நீங்கள் உருவாக்கும் சங்கத்தை அரசு நினைத்தபோது எடுத்துக்கொள்ள முடியாது. ஹிந்தி மொழி வளர்ச்சிக்கான அமைப்பான ஹிந்தி சாகித்ய சம்மேளனத்தைச் சட்டம் போட்டு மாற்றியமைத்து, உறுப்பினர்கள் கேட்காத புதியவர்களை உள்ளே கொண்டுவந்தபோது, தாங்கள் விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்களோடு சங்கமாகத் தொடரும் உரிமையும் 19(1)(இ)-இல் அடங்கும் என்று கூறி 1971-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதிகாரம் இல்லாத தன்னார்வச் சங்கத்துக்கு இருக்கும் சுதந்திரம் அது.

பெயரைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. அரசின் ஆதரவோ தொடர்போ இருப்பதுபோல் தோன்றவைக்கும் பெயர்களை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் தடுக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்வதானால், ‘நேஷனல்’ என்ற சொல்லுக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ‘கவுன்சில்’ என்ற சொல் லாப நோக்கமற்ற கம்பெனிகளுக்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலிலேயே இருக்கிறது என்றாலும், அதோடு ‘உரிமம்’ என்பதையும் சேர்த்து விளம்பரம் செய்தால், அரசு அமைப்பு என்று நம்பிப் பணம் கட்டினேன் என்று யாராவது புகார் கொடுக்கும் நாள் தொலைவில் இல்லை. ‘இந்திய’ என்று தொடங்கி ‘சங்கம்’ என்று முடியும் எளிய பெயர் போதும்.

குறைந்தபட்சக் கட்டணம்: தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள்

கடிதத்தில் என்னைத் துணுக்குறவைத்த பகுதி இதுதான். ஹெக்டேருக்குக் குறைந்தபட்சக் கட்டணம், மீறுபவரை நீக்குதல், உறுப்பினரல்லாதவர் எடுத்த வேலைக்குத் தரவுச் செயலாக்கம் செய்து தர மறுத்தல், இந்த மூன்றையும் வரைவுத் தீர்மானமாகவே தட்டச்சு செய்து இணைத்திருக்கிறீர்கள்.

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒரே மாதிரியான சேவையில் ஈடுபட்டிருப்பவர்களின் சங்கம் எடுக்கும் முடிவையும் ஒப்பந்தமாகவே கருதுகிறது. அந்த முடிவு நேரடியாகவோ மறைமுகமாகவோ விலையை நிர்ணயித்தால், சேவை கிடைப்பதைக் கட்டுப்படுத்தினால், டெண்டரில் கூட்டுச் சதிக்கு இடம் தந்தால், போட்டியைப் பாதிப்பதாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். சராசரி விற்றுமுதலில் அல்லது வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். சங்கத்தோடு நின்றுவிடாமல், அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்களையும் தனித்தனியே பொறுப்பாக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தங்கள் ஒப்புதல் கடிதம் இல்லாமல் புதிய மருந்து விநியோகஸ்தரை நியமிக்கக் கூடாது என்று கட்டாயப்படுத்திய மருந்து வணிகர் சங்கங்கள் மீது போட்டி ஆணையம் பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. நல்ல நோக்கத்துக்காகத்தான் செய்தோம் என்று அங்கே சொல்லப்படாமல் இருந்திருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் “இந்த டெண்டருக்கு யாரும் இவ்வளவுக்குக் கீழே போடாதீர்கள்” என்று யாரேனும் எழுதியிருந்தால், அதுவும் ஆவணம்தான். பதிவு பெறாத குழு என்பது பாதுகாப்பு ஆகாது. அத்தகைய உரையாடலை இன்றோடு நிறுத்தச் சொல்லி, நிர்வாகியாக நீங்களே குழுவில் எழுதுங்கள்.

சரி, பாதி விலைக்கு எடுத்துத் தொழிலைக் கெடுப்பவரை என்னதான் செய்வது? இங்கேதான் தொழில்முறைச் சங்கம் உண்மையிலேயே பயன்படும். மலிவான வேலை டெண்டரை வெல்வதற்குக் காரணம், டெண்டர் ஆவணத்தில் தரம் என்னவென்று எழுதப்படாமல் இருப்பது. ‘உயர்தரப் படம்’ என்று மட்டும் எழுதிய துறைக்கு உயர்தரப் படம்தான் கிடைக்கும், துல்லியம் கிடைக்காது. ஆகவே உங்கள் சங்கத்தின் முதல் வெளியீடாக ஒரு மாதிரி வேலை விவரக்குறிப்பைத் தயாரியுங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எந்த அடர்த்தியில் இருக்க வேண்டும், அவை எந்த முறையில் அளக்கப்பட வேண்டும், அவற்றுக்கு அப்பால் செயலாக்கத்தில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவைக்கும் சரிபார்ப்புப் புள்ளிகள் எத்தனை, அந்தப் புள்ளிகளில் கிடைத்த கிடைமட்டப் பிழையும் உயரப் பிழையும் என்ன, மூலப் படங்களை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளிலேயே பிழையைக் கணக்கிட்டு இரண்டு சென்டிமீட்டர் என்று அறிக்கை தருவது, மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதுபோல; இது உங்களுக்குத் தெரியும், டெண்டர் போடும் அதிகாரிக்குத் தெரியாது. அவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியது சங்கத்தின் வேலை. சரிபார்ப்புப் புள்ளி அறிக்கை இல்லாமல் பட்டுவாடா இல்லை என்ற ஒரு வரி டெண்டரில் ஏறினால், பாதி விலைக்காரர் ஒன்று விலையை ஏற்ற வேண்டியிருக்கும், அல்லது ஒதுங்க வேண்டியிருக்கும். அதில் போட்டிச் சட்டத்துக்கு எந்த ஆட்சேபமும் இருக்காது. உறுப்பினரோ இல்லையோ, அந்தத் தரத்தை எட்டும் எவரும் வரலாம் என்ற நிலை மட்டும் மாறாமல் இருக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு மட்டுமே டெண்டர் என்று துறைகளிடம் கேட்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். ஒரு தனியார் சங்கத்தின் உறுப்பினராக இருப்பதை அரசு டெண்டருக்குத் தகுதியாக வைத்தால், சமத்துவ உரிமையைக் காட்டி அதை எவரும் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். மாறாக, விதிகள் வகுக்கப்படும்போது கூட்டாகக் கருத்துச் சொல்வது பலன் தரும். 2021 மார்ச்சில் வந்த ஆளில்லா வானூர்தி விதிகள் மிகக் கடுமையானவை என்று பல தரப்பினரும் எடுத்துச் சொன்ன பின், அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றின் இடத்தில் எளிமையான ட்ரோன் விதிகள் வந்தன. உங்கள் களத்திலேயே நடந்த மாற்றம் அது.

சொசைட்டியா, கம்பெனியா?

சங்கப் பதிவுக்கு இரண்டு வழிகள் உங்களுக்குப் பொருந்தும். ஒன்று, சொசைட்டியாகப் பதிவு செய்வது. 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, தமிழ்நாட்டில் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமோ இதற்குப் பொருந்தும். குறைந்தது ஏழு பேர் போதும். செலவு குறைவு, நடைமுறை எளிது. ஆனால் பதிவாளர் மாநில அதிகாரி. வெவ்வேறு மாநிலங்களில் கிளைகள் வைக்கும்போது, அந்தந்த மாநில நடைமுறைகளோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். அகில இந்தியத் தன்மை கோரும் சொசைட்டிகளிடம் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த கையொப்பக்காரர்களைக் கேட்கும் வழக்கமும் உண்டு.

மற்றொன்று, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற கம்பெனி. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், எவரும் பார்க்கக்கூடிய ஆவணங்கள், கட்டாயத் தணிக்கை. அதனாலேயே அரசுத் துறைகளிடம் நம்பகத்தன்மை சற்றுக் கூடுதல். உங்கள் ஆடிட்டர் பரிந்துரைத்ததும் இதைத்தான், ஆனால் பிரைவேட் கம்பெனியாக. அங்கேதான் சிக்கல். பிரைவேட் கம்பெனியில் 200 உறுப்பினர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் குழுவில் இப்போதே 600 பேர். இந்த வடிவத்தில் தொடங்கினால், இரண்டு இயக்குநர்கள் உண்மையான உறுப்பினர்களாகவும் மற்றவர்கள் சந்தா கட்டும் வாடிக்கையாளர்களாகவும் இருப்பார்கள். வாக்குரிமை இல்லாத அந்தக் கூட்டத்தைத் தொழில்முறைச் சங்கம் என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கம்பெனிதான் வேண்டும் என்றால், பங்கு மூலதனம் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (கம்பெனி மூடப்பட்டால் ஒவ்வொரு உறுப்பினரும் முன்பே ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டுமே பொறுப்பாகும்) பப்ளிக் கம்பெனியாகத் தொடங்குங்கள். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களுக்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குச் சந்தா வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் என்றால் என் பரிந்துரை இதுவே. வராது என்றால் சொசைட்டியே போதும். தாக்கல் செய்யாத கம்பெனியைவிட ஒழுங்காக நடக்கும் சொசைட்டி மேல்.

உங்கள் நண்பர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, அறிவியல், இலக்கிய, அறச் சங்கங்களின் பணிகளில் ஊழியர் பங்கேற்பதை அனுமதிக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் பதவியை ஏற்கவோ, கம்பெனி ஒன்றின் பதிவிலும் நிர்வாகத்திலும் ஈடுபடவோ முன் அனுமதி வேண்டும் என்கிறது. நண்பர் ‘யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அலுவலகமே சர்வே டெண்டர்களைக் கையாளும் அலுவலகம் என்பதால், கண்டிப்பாகக் கேட்பார்கள். எழுத்துபூர்வ அனுமதி வரும்வரை அவர் பெயர் எந்தத் தாளிலும் வேண்டாம்.

பைலா, உறுப்பினர் பதிவேடு, பணம்

சங்கங்கள் உடைவது பெரும்பாலும் கொள்கையால் அல்ல. தேர்தல் நாளன்று யார் யார் உறுப்பினர் என்பதற்கு இரண்டு பட்டியல்கள் இருப்பதால்தான். சங்கச் சட்டத்தைக் கையாளும் எங்கள் தொழிலில் இது சலிப்பூட்டும் அளவுக்குப் பழகிப்போன காட்சி: பழைய செயற்குழு, நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 ஒன்றைத் தாக்கல் செய்யும், புதிய செயற்குழு என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்னொரு படிவம் 7 தாக்கல் செய்வார்கள், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் முடிவு வாங்கி வாருங்கள் என்று பதிவாளர் அனுப்பிவிடுவார். அதன்பின் சங்கம் சில ஆண்டுகளுக்கு வழக்கு எண்ணாக மட்டுமே உயிர்வாழும்.

இதைத் தடுக்க பைலாவில் சில வரிகள் போதும். உறுப்பினர் பதிவேட்டில் பெயர், தகுதி, சேர்ந்த நாள், சந்தா கட்டிய நாள், ரசீது எண் ஆகியவை இருக்க வேண்டும். தேர்தலுக்கு இத்தனை நாள்களுக்கு முன் பதிவேடு மூடப்படும், அதன்பின் சேர்பவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை என்று எழுதுங்கள். பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள். ‘நிறுவனர் என்ற முறையில் ஆயுட்காலத் தலைவர்’ என்று உங்கள் வரைவில் ஒரு வரி இருக்கிறது. அது உங்களைப் பற்றியதுதான் என்பது புரிகிறது, எடுத்துவிடுங்கள். ஒருவரை நீக்குவதானால் குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், புகார் கொடுத்தவரே நீதிபதியாக இருக்கக் கூடாது. உங்கள் வரைவிலோ ‘செயற்குழுவின் முடிவே இறுதியானது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. நீதிமன்றத்தில் அது நிற்காது. மாநிலக் கிளைகள் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதித்தால், வரவு செலவு எப்போது எந்த வடிவில் மையத்துக்கு வரவேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை தாமதம் கூடாது. இல்லாத சங்கத்தின் பெயரில் வசூலித்த தொகை உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கும்வரை, வருமான வரித்துறையின் கண்ணுக்கு அது உங்கள் பணம்; மனக்கசப்பு கொண்ட ஓர் உறுப்பினரின் கண்ணுக்கு அது கையாடல். யார் யாரிடம் எவ்வளவு, எந்த நாளில் பெற்றீர்கள் என்ற பட்டியலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சங்கம் பதிவாகி, அதற்கென்று பான் எண்ணும் இருவர் கையொப்பத்தில் இயங்கும் வங்கிக் கணக்கும் வந்தபின், ரசீதுடன் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். சங்கம் என்றால் வரியில்லை என்ற நம்பிக்கையும் தவறு. தொழில்முறைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் குறிப்பிட்ட சேவை செய்து பெறும் வருமானத்தை வருமான வரிச் சட்டம் தொழில் வருமானமாகவே பார்க்கிறது. பயிற்சி வகுப்புகளும் மாநாடுகளும் தொடங்கி ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தொடும் நிலை வந்தால், ஜி.எஸ்.டி. பதிவு பற்றியும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

முந்திக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். முதலில் பதிவு செய்தவருக்கு அந்தத் துறை முழுவதும் சொந்தமாகிவிடாது; ஒரே துறையில் எத்தனை சங்கங்கள் வேண்டுமானாலும் இருக்கலாம். முந்தினால் உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பெயர் மட்டும்தான். இழப்பதோ பெரிது: ஒரே துறைக்காக இரண்டு சங்கங்கள் அமைச்சகத்தின் கதவைத் தட்டினால், இருவரும் ஒத்த கருத்துடன் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவது அதிகாரிகளுக்கு மிக எளிது. அந்தக் குழுவினரிடம் இப்போதே பேசுங்கள். அமைப்பு விதிகளை அவர்களோடு விவாதிக்கத் தொடங்கினால் முதல் நாளே பதவிப் பேச்சு வந்துவிடும். ஆகவே நான் மேலே சொன்ன மாதிரி வேலை விவரக்குறிப்பின் முதல் வரைவை அவர்களுக்கு அனுப்பி, திருத்தங்கள் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலிருந்தே அவர்களோடு ஒரே பதிவேட்டில் கையெழுத்திட முடியுமா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். முடியும் என்றால் இரு தரப்பிலிருந்தும் கையொப்பக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பைலா வரைவை எனக்கு மீண்டும் அனுப்புங்கள். கட்டணத் தீர்மானத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.